நடந்து வரைந்த நிலப்படம்

பிரிட்டனின் அரசு நில அளவைத் துறைக்கு ‘ஆர்ட்னன்ஸ் சர்வே’ என்று பெயர். ஆர்ட்னன்ஸ் என்பது பீரங்கியையும் வெடிமருந்தையும் குறிக்கும் சொல். பிரெஞ்சுப் படை கடல் தாண்டி வந்துவிட்டால் தென்கரையை எப்படிக் காப்பது என்ற கவலையில் 1791இல் பிறந்த துறை அது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1802இல், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் எஃகுச் சங்கிலி பிடித்து ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்ததும் படை அதிகாரியாக இருந்துகொண்டுதான். நிலப்படம் நெடுங்காலம் பாசறைச் சரக்காகவே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முடிவில் பிரிட்டனில் படையின் பிடி விலகியிருந்தது. பூட்டு மட்டும் விலகவில்லை. அரசு வரைந்த படங்களுக்கு அரச பதிப்புரிமை ஐம்பது ஆண்டுகள் செல்லும். 1999 முதல் அந்தத் துறை தன் செலவைத் தானே ஈட்டியாக வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. வரிப்பணத்தில் அளந்த தெருவுக்கு, அதே தெருக்காரர் மீண்டும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. படம் வெளியிட்டுவந்த ஆட்டோமொபைல் அசோசியேஷன், துறையின் படங்களைப் பார்த்து வரைந்ததற்காக 2001இல் 2 கோடி பவுண்டு கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. நகல் எடுத்தவரைக் காட்டிக்கொடுக்க, படங்களுக்குள் கண்ணில் படாத சிறு அடையாளங்கள் பொதிந்து வைக்கப்பட்டிருந்தன.

இந்தச் சூழலில்தான், 2004 ஆகஸ்டில், லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ திட்டத்தைத் தொடங்கினார். விக்கிப்பீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். விதி ஒன்றே ஒன்று கண்டிப்பானது: பதிப்புரிமை உள்ள வேறு எந்தப் படத்தையும் அனுமதியின்றிப் பார்த்து வரையக் கூடாது. அந்தத் திட்டத்தின் குணம் முழுவதும் இந்த ஒரு தடையிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை. பார்த்து எழுத முடியாதவர்கள் நடந்து போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கு நேரமும் கூடிவந்திருந்தது. அமெரிக்கப் படைக்காகப் பறந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், பொதுமக்களின் கருவிகளுக்கு வேண்டுமென்றே பிழை கலந்த குறிப்புகளையே அனுப்பிவந்தன. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்படத்தை அமெரிக்கா நிறுத்தியது. நூறு மீட்டர்வரை தவறிய கணிப்பு பத்து, இருபது மீட்டருக்குள் வந்தது. எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதைக் கைக்கருவியே சொல்லிவிடும் நிலை.

வேலை இப்படி நடக்கும். ஒருவர் கருவியைச் சட்டைப் பையிலோ மிதிவண்டிக் கைப்பிடியிலோ வைத்துக்கொண்டு ஒரு பேட்டையின் எல்லாச் சந்துகளிலும் சுற்றிவருவார். சில வினாடிகளுக்கு ஒரு புள்ளியாகக் கருவி தடத்தைப் பதியும். முனைக்கு முனை நின்று, பெயர்ப்பலகையைப் பார்த்துத் தெருப்பெயரைக் குறிப்பேட்டில் எழுதுவார். தபால் பெட்டி, மதுக்கடை, ஒருவழிப் பாதை எல்லாம் அதில் ஏறும். வீட்டுக்கு வந்து, புள்ளிவரிசையைக் கணினித் திரையில் விரித்து, அதன்மேல் கோடு இழுத்துப் பெயரிடுவார். முட்டுச்சந்தை முட்டுச்சந்து என்று அறிய அதன் கடைசிவரை போய்த் திரும்பித்தான் ஆகவேண்டும்.

லண்டன் கூரியர் நிறுவனம் ஒன்று தன் ஆட்கள் ஓடிய தடங்களை அப்படியே கொடுத்தது. யாரும் ஒரு கோடும் வரையாமலே, தடங்கள் அடர்ந்த இடங்களில் நகரத்தின் பெருஞ்சாலைகள் தாமாக எழுந்து நின்றன. 2006 மே மாதம் இங்கிலாந்தின் வைட் தீவில் சுமார் 40 பேர் கூடி, வார இறுதி ஒன்றில் தீவு முழுவதையும் சுற்றி அளந்தார்கள். ‘வரைபட விருந்து’ என்று சொல்லத்தக்க இந்தக் கூட்டு அளவை பிறகு பல நாடுகளில் வழக்கமானது.

படத்தின் உள்ளமைப்பு எளிது: புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், கோடுகளைத் தொகுக்கும் உறவுகள், ஒவ்வொன்றின் மேலும் குறிச்சொற்கள். குறிச்சொல்லுக்கு முன்கூட்டிய பட்டியல் கிடையாது, புழக்கமே இலக்கணம். ஆங்கிலேயச் சட்டவழக்கின் மிச்சமாக, எல்லாப் பாதைக்கும் ‘ஹைவே’ என்ற தலைப்பே நின்றுவிட்டது. அந்தக் கணக்கில் ஒற்றையடிப் பாதையும் ஹைவேதான்.

கருவிகளும் தயாராக இருந்தன. இடவரைவியலுக்கான கட்டற்ற மென்பொருள்களில் மூத்தவற்றுள் ஒன்றான ‘கிராஸ்’, 1980களில் அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வகமொன்றில் உருவானது. இங்கும் படைதான். ‘போஸ்ட்ஜிஐஎஸ்’ 2001இலும், அலாஸ்காவில் கேரி ஷெர்மன் எழுதத் தொடங்கிய ‘கியூஜிஐஎஸ்’ 2002இலும் வந்தன. பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான வேலையை ஒரு பழைய கணினியில் செய்ய முடிந்தது.

இலவசமாகக் கிடைத்த தரவெல்லாம் நல்ல தரவாக இருக்கவில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் சாலைத் தரவை யாரும் பயன்படுத்தலாம் என்பதால் 2007, 2008இல் அது மொத்தமாக ஏற்றப்பட்டது. பல இடங்களில் சாலை வீட்டுக்குள் புகுந்து போனது. அதைச் சரிசெய்யவே ஆண்டுகள் பிடித்தன. நடந்து வரைந்த ஐரோப்பிய ஊர்களில் இந்தக் குழப்பம் குறைவு. அள்ளிப்போட்ட இடத்தில் ஆட்கள் சேரவில்லை என்ற மனத்தாங்கல் பழைய வரைவோரிடம் இன்றும் உண்டு.

2006 டிசம்பரில் யாகூ தன் வான்படங்களின் மேல் வரைய அனுமதித்தது. நடக்காமலும் வரையலாம் என்றானது. அதன் முழுப் பயன் ஹைத்தியில் தெரிந்தது. 2010 ஜனவரி 12 மாலை 7.0 அளவு நிலநடுக்கம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை நொறுக்கியபோது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த நகரத்துக்குச் சில முதன்மைச் சாலைகளைத் தவிர அதிகம் இல்லை. ஓரிரு நாட்களில் புதிய செயற்கைக்கோள் படங்கள் வரைவோருக்குத் திறந்துவிடப்பட்டன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தபடி, முதல் மாதத்தில் 600க்கும் மேற்பட்டோர் வரைந்தார்கள். சந்துகள், இடிந்த கட்டடங்கள், அடைபட்ட சாலைகள், பெத்தியோன்வில் கோல்ஃப் மைதானத்தில் ஒரே வாரத்தில் முளைத்த கூடார ஊர் எல்லாம் படத்தில் ஏறின. மீட்புக் குழுவினர் அதைத் தங்கள் ஜி.பி.எஸ். கருவிகளில் இறக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். அந்த ஆண்டிலேயே ‘மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு’ முறையான அமைப்பானது.

வானிலிருந்து கூரை தெரியும், பெயர் தெரியாது. நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதி, லட்சக்கணக்கானோர் வாழ்ந்தும் பொதுப் படங்களில் வெற்றிடமாக இருந்தது; அரசுப் படத்தில் காடு. 2009 நவம்பரில் அங்கேயே வாழும் 13 இளைஞர்கள் கருவியோடு இறங்கினார்கள். அவர்கள் முதலில் குறித்தவை தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி. வெளியார் வரைந்திருந்தால் சாலையில் தொடங்கியிருப்பார்கள்.

இதற்கிடையே பிரிட்டனில், 2010 ஏப்ரலில் ஆர்ட்னன்ஸ் சர்வே தன் தரவில் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் உரிமத் தொல்லை விடவில்லை. 2012இல் அதன் உரிமம் மாறியபோது, சம்மதிக்காதவர்கள் வரைந்த கோடுகளை நிரல் ஒன்று தேடித்தேடி நீக்கியது. விடுபட்ட சாலைகளை மற்றவர்கள் மறுபடி வரைந்தார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னைத் தெருக்களின் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோடுகளை அடிப்படையாகக் கொண்ட படமொன்றில், நீர் புகுந்த தெருவைப் பார்த்தவர்கள் தொட்டுக் குறித்தார்கள். அடுத்த ஆண்டே, அனுமதியின்றி இடத்தரவு சேர்ப்போருக்கு 100 கோடி ரூபாய்வரை அபராதமும் ஏழாண்டு சிறையும் விதிக்கும் மசோதா வரைவு டெல்லியில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கிடப்பில் போனது. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டுதல்கள் திசையை மாற்றின. இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் முன் அனுமதி இல்லாமலே நிலத்தை அளந்து படம் வெளியிடலாம். ஒரு மீட்டரைவிட நுட்பமான அளவைகளை இந்தியாவில் நேரடியாக எடுக்க வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உரிமை தரப்படவில்லை; பாதுகாப்பு சார்ந்த இடங்களை அப்படிப்பட்டவை என்று படத்தில் குறித்துக் காட்டுவதற்கும் தடை நீடிக்கிறது.