மிதிவண்டியும் போர்க்கப்பலும்

1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், சிங்கப்பூரின் செம்பவாங்கில் பிரிட்டிஷ் அரசின் மாபெரும் கடற்படைத் தளம் திறந்துவைக்கப்பட்டது. நான்காண்டும் ஒரு நாளும் கழிந்தபின், 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், அத்தளத்தைக் காக்க வேண்டிய படையின் தலைவர் பெர்சிவல், புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவின் எதிரே அமர்ந்து சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். தீவில் அவரிடம் இருந்தோர் ஏறத்தாழ 85,000 பேர். தாக்க வந்தவர்கள் அதிற் பாதியும் இல்லை.

இதற்குக் காரணம் யாதெனக் கேட்டால், பீரங்கிகள் கடலை நோக்கி நின்றன, பகைவனோ நிலத்தின் வழியாக வந்துவிட்டான் என்று மாணவரும் விடை கூறுவர். கேட்கச் சுவையான கதைதான், பாதிதான் உண்மை. தீவிலிருந்த 15 அங்குலப் பீரங்கிகள் ஐந்தனுள் சாங்கியில் நின்றவை ஜொகூர்ப் பக்கம் திரும்பிச் சுடவே செய்தன. குறை குண்டுகளில் இருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கென வார்க்கப்பட்டவை. அத்தகைய குண்டு மண்ணில் விழுந்தால் ஆழப் புதையுமேயன்றிச் சிதறிப் படையை அழிக்காது. கப்பலை எதிர்பார்த்தே எல்லாம் எண்ணப்பட்டிருந்தன. பீரங்கியைத் திருப்ப முடிந்தது. எண்ணத்தைத் திருப்பக் காலம் இல்லை.

கடலிலேயும் அவ்வெண்ணம் பொய்த்துப்போயிற்று. பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பெருங் கப்பல்கள் 1941 டிசம்பர் 2-ஆம் நாள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபோது, இனி அச்சமில்லை என்றே பலரும் நம்பினர். டிசம்பர் 8-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின்னர் ஜப்பானியர் கோத்தாபாருக் கடற்கரையில் இறங்கினர்; பெர்ல் துறைமுகத்தில் முதற்குண்டு விழுவதற்கும் முன்னரே இங்கே போர் தொடங்கிவிட்டது. பகைவரின் கப்பல்களைத் தேடிப் புறப்பட்ட அவ்விரு கப்பல்களும் டிசம்பர் 10-ஆம் நாள் குவாந்தான் கடற்பகுதியில், இந்தோசீன விமானத்தளங்களிலிருந்து வந்த விமானங்களின் குண்டுகளாலும் டார்ப்பிடோக்களாலும் மூழ்கின. இரண்டரை மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. அட்மிரல் பிலிப்ஸ் உட்பட 840 பேர் மாண்டனர். துணைக்கு வர வேண்டிய விமானந்தாங்கிக் கப்பல் முந்திய மாதமே ஜமைக்காவின் அருகே தரைதட்டிப் பழுதுற்றிருந்தது. கடலில் முழு வேகத்துடன் ஓடிப் போரிடும் பெரும் போர்க்கப்பலை விமானங்கள் மட்டுமே அழிக்க இயலும் என்பது உலகுக்கு முதன்முதலாக அன்றுதான் மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு பெரும் போர்க்கருவியின் காலம் குவாந்தான் கடலில் முடிந்தது எனினும் மிகையாகாது.

நிலப்போரில் பேசப்பட்ட கருவியோ மிக எளியது. அது மிதிவண்டி. ஜப்பானியப் படையின் திட்ட அதிகாரியாயிருந்த சூஜி மசனோபு போருக்குப்பின் எழுதிய நூலில், ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறத்தாழ 500 மோட்டார் வண்டிகளும் 6,000 மிதிவண்டிகளும் தரப்பட்டதாகக் கூறுகிறார். பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலங்களைத் தகர்த்துக்கொண்டே சென்றது. பாலம் இன்றேல் லாரி நிற்கும், மிதிவண்டி நிற்காது. ஆற்றில் இறங்கியவன் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரை ஏறி மீண்டும் மிதித்தான். பழுதுபார்ப்பதும் கடினமாக இல்லை. போருக்கு முன்னரே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மலிவாக விற்கப்பட்டிருந்தமையால், உதிரிப்பாகம் சிற்றூர்க் கடைகளிலும் கிடைத்தது. வெயிலில் டயர் வெடித்தபோது, அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பு வளையத்தின்மீதே ஓட்டினர். இரவில் தார்ச்சாலையில் எழுந்த அக்கடகட ஒலியைக் கேட்டு, டாங்கிகள் வருகின்றன என்று அஞ்சியோரும் உண்டு.

ஆயினும், மிதிவண்டி வென்றது என்று சொல்லி முடித்துவிடுதல் முறையாகாது. அது ஓடுவதற்குச் சாலை வேண்டும். ஈயத்துக்காகவும் ரப்பருக்காகவும் பிரிட்டிஷார் மேற்குக் கரையோரம் அமைத்த சாலைகள் ஆசியாவின் நல்ல சாலைகளுள் வைத்து எண்ணப்பட்டவை. காடு வெட்டி, கல் உடைத்து, தார் ஊற்றி அவற்றை அமைத்தவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் பல்லாயிரவர். பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து, ரப்பர் மரங்களின் நிரைகளுக்கிடையே லயங்கள் வரை சென்ற செம்மண் சடக்குகளும் அவர்கள் அமைத்தவையே. பால் லாரிக்காகப் போடப்பட்ட அப்பாதைகள் படைத்தலைவர்களின் கணக்கில் பெரிதாக இடம்பெறவில்லை. மலாயாவின் நடுவே இருப்பது ஊடுருவ முடியாத காடு என்றே அவர்கள் எண்ணினர். படைகளைப் பெருஞ்சாலையில் நிறுத்தினர். ஜப்பானியரோ ஒரு பகுதியை முன்னே நின்று சுடவிட்டு, மற்றொரு பகுதியைத் தோட்டங்களுக்குள் செலுத்திப் பின்புறம் சென்று சாலையை மறித்தனர். கம்பாரில் இந்திய, பிரிட்டிஷ் வீரர்கள் 1942-இன் புத்தாண்டு நாளைக் கடந்தும் உறுதியாக நின்று போரிட்டனர். அங்கும் பகைவர், இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் அன்சன் பக்கம் கடல்வழியாக வந்து இறங்கியதால் பின்வாங்க நேர்ந்தது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்ததன் பொருளை மாணவர்க்கு விளக்க, இதனினும் அண்மையான சான்று நமக்குத் தேவையில்லை.

சிலிம் ரிவரில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. ஜனவரி 7-ஆம் நாள் விடியுமுன், நிலவொளியில், மேஜர் ஷிமாடாவின் டாங்கிகள் துரோலாக் வழியாகச் சாலையிலேயே வந்தன. தடுப்புகள் குறுக்கிட்ட இடங்களில் அவை பக்கவாட்டில் திரும்பின. சாலையின் வளைவுகளை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய பாதைத் துண்டுகள் தோட்டங்களுக்குள் அப்படியே கிடந்தன. அவற்றின் வழியே டாங்கிகள் தடுப்பைச் சுற்றி அப்புறம் ஏறின. காலை கழிவதற்குள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பிளந்து சென்றன. பாலத்தைத் தகர்க்கவும் நேரம் கிட்டவில்லை. இரண்டு பிரிகேடுகள் சிதறின. அவற்றிலிருந்த இந்திய வீரருட் பலர் அதற்குமுன் டாங்கியைக் கண்டதும் இல்லை. தம் பக்கம் நிறுத்தத் தீபகற்பத்தில் ஒரு டாங்கியும் இல்லை. அவர்களைக் கோழைகள் என்று எழுதியோர் இதனை மறந்துவிட்டனர். நான்காம் நாள், ஜனவரி 11-இல், கோலாலம்பூர் விழுந்தது.

மிதிவண்டியையும் வெல்லக் கூடும் என்பதற்குக் கெமாஸை அடுத்த கெமஞ்சே பாலம் சான்று. ஜனவரி 14-ஆம் நாள் அங்கு மறைந்திருந்த ஆஸ்திரேலியர், மிதிவண்டிப் படையினர் நூற்றுக்கணக்கில் பாலத்தைக் கடக்க விட்டனர். பின்பு பாலத்தைத் தகர்த்துச் சுட்டனர். துப்பாக்கிகளை வண்டியிலேயே கட்டியிருந்த வீரர்கள் அவற்றை அவிழ்ப்பதற்குள் வீழ்ந்தனர். ஆயினும் மறுநாளே ஜப்பானிய டாங்கிகள் கெமாஸ் முனைக்கு வந்துவிட்டன. உடைந்த பாலங்களை விரைந்து செப்பனிட்ட பொறியியற் படையைப் பற்றி நம் நூல்கள் அதிகம் பேசுவதில்லை, பேசியிருக்க வேண்டும். ஜனவரி 31-இல் ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்துவிட்டுத் தீவுக்குள் ஒதுங்கிய படை, பதினாறாம் நாள் பணிந்தது.

வென்றவர்க்கும் விரைவில் ஒரு சிக்கல் நேர்ந்தது. பர்மாப் போர்முனைக்குக் கப்பலில் தளவாடம் அனுப்பினால் நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலுக்கு அஞ்ச வேண்டும். எனவே தரைவழி தேவைப்பட்டது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இரயில்பாதை 1942-இல் தொடங்கப்பட்டு, 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. அதற்கு வேண்டிய தண்டவாளங்கள் மலாயாவிலிருந்தே பெயர்த்தெடுக்கப்பட்டன. தம்பினிலிருந்து மலாக்கா சென்ற பாதை அவ்வாறுதான் மறைந்தது. அத்தண்டவாளங்கள் சென்ற திக்கிலேயே, சாலை போட்ட கைகளும் சரக்கு வண்டிகளில் அடைத்து அனுப்பப்பட்டன. தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் பிடித்தனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் அங்கே மாண்ட தமிழர் பல்லாயிரவர். அவ்விரயில்பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம்மவருட் பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை.