மாட்டு உண்ணி

மாட்டு உண்ணி என்பது கால்நடைகளின் தோலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் புற ஒட்டுண்ணி. சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது, பூச்சி அன்று. இளம்புழுவுக்கு 6 கால்கள், வளர்ந்த உண்ணிக்கு 8 கால்கள்.

கொடைரோடு, நிலக்கோட்டை உள்ளிட்ட திண்டுக்கல் சமவெளியில் மழைக்குப் பிந்தைய ஈரவெப்பம் இதன் பெருக்கத்துக்கு உகந்தது. காது, மடி, வாலடி, தொடையிடுக்கு ஆகியவை ஒட்டுமிடங்கள். ரிப்பிசெபாலஸ் மைக்ரோப்ளஸ் இனம் ஒரே மாட்டின் மேல் ஏறத்தாழ 3 வாரம் தங்கி வளர்கிறது. இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய பெண் உண்ணி, கீழே விழுந்து தொழுவத்தின் சுவர் வெடிப்பிலும் சாணக்குவியல் ஓரத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஹையலோமா இனமோ வளரும்போதே மாடு மாறும்.

உண்ணி கடிப்பதால் நோய்களும் பரவும். பபேசியா நோயில் கடும் காய்ச்சலும் காப்பி நிறச் சிறுநீரும் காணப்படும். தைலேரியா நோயில் நிணநீர்க் கணுக்கள் வீங்கும். அனப்ளாஸ்மா நோயில் சோகையும் மஞ்சள் காமாலையும் தோன்றும். நாட்டு மாடுகளைவிட ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. கறவை குறைவதே முதல் இழப்பு.

உண்ணி நோய் பரப்புவதை 1893இல் அமெரிக்காவின் ஸ்மித், கில்போர்ன் இருவரும் நிறுவினர். கணுக்காலி வழியே பாலூட்டிகளுக்கு நோய் பரவுவதற்கான தொடக்ககாலச் சான்றுகளுள் இது தலையாயது. மனிதருக்கும் உண்ணியால் நோய் பரவும்: 1957இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சலை மனிதருக்குப் பரப்புவது ஹீமாபைசாலிஸ் என்னும் காட்டு உண்ணி.

உண்ணியை ஒழிக்க டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் மருந்துகளின் தெளிப்பு வழக்கத்திலுள்ளது. ஒரே மருந்தைத் தொடர்ந்தால் உண்ணிகளிடம் எதிர்ப்புத்திறன் உருவாகும். பூண்டு, வசம்பு, மஞ்சள், வேப்பிலை, உண்ணிச்செடி இலை அரைத்த கரைசல் மரபு மருத்துவம். மாட்டை மட்டும் நனைத்துத் தொழுவ வெடிப்புகளை விட்டுவிட்டால் உண்ணி மீண்டும் ஏறும்.