வேட்டைக்காரர் கோழியில் தக்காளி எப்போது விழுந்தது?

இத்தாலியில் 'போல்லோ அல்லா காச்சியத்தோரா' என்று ஒரு கோழிக் குழம்பு உண்டு. 'வேட்டைக்காரர் பாணிக் கோழி' என்று பொருள். அமெரிக்கா வழியாக உலகம் சுற்றியதால் 'சிக்கன் காச்சியத்தோரே' என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். கோழித் துண்டுகளைச் சிவக்க வறுத்து, வெங்காயம், தக்காளி, கொஞ்சம் ஒயின் விட்டு வேகவைப்பது. சமையல் காணொளிகளில் இதற்கு ஒரு முன்கதையும் தவறாமல் வரும்: காட்டுக்குப் போன வேட்டைக்காரர்கள் கிடைத்ததைப் போட்டுச் சமைத்தது, ஏழைக் குடியானவர்களின் பழங்காலச் சாப்பாடு என்று.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வேட்டைக்குப் போகிறவன் முயலோ காட்டுப் பறவையோ கொண்டு வருவான். கோழி கொல்லைப்புறத்தில் அல்லவா மேய்கிறது? அதை விட்டுவிடலாம். எனக்கு இடிப்பது வேறு இரண்டு கேள்விகள். தக்காளி அங்கே எப்ப வந்தது? கோழியை யார் தின்றார்கள்?

முதலில் தக்காளி. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. 1548 அக்டோபர் 31 அன்று, பீசா நகரில் இருந்த கோசிமோ தே மெதிச்சி பிரபுவின் வீட்டுக்கு ஒரு கூடைத் தக்காளி வந்து சேர்ந்ததைக் குறிப்பிடும் கடிதம் இருக்கிறது. 'பொமோதோரோ', அதாவது பொன் ஆப்பிள், என்று பெயரும் வைத்தாயிற்று. (நம்மவர்களும் புதுப் பழத்துக்குப் பழைய பெயரைத்தான் மாட்டினார்கள். இங்கே ஏற்கெனவே தக்காளி என்று வழங்கிய சிறு பழங்கள் இருந்ததால், வந்தது 'சீமைத்தக்காளி' ஆனது.) பெயர் வைத்தார்களே ஒழிய, சமையலறைக்குள் விடவில்லை. நச்சுச் செடிகளின் உறவு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று மருத்துவர்கள் பயமுறுத்தினார்கள். பல காலம் அது தோட்டத்து வேடிக்கைப் பொருள்.

அச்சில் வந்த சமையல் குறிப்பு என்று பார்த்தால், நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி 1692-94இல் இரண்டு பாகமாக வெளியிட்ட நூலில் ஒரு தக்காளிச் சாறு இருக்கிறது. தணலில் சுட்டுத் தோலுரித்து, நறுக்கி, வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய், வினிகர் சேர்ப்பது. கிட்டத்தட்ட நம் சுட்ட தக்காளிச் சட்னி. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்பானியப் பாணி'. கூடை வந்து நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் தக்காளி அங்கே அந்நியச் சரக்குதான்!

இன்னும் இருநூறு வருஷம் தாண்டி, பெல்லெக்ரினோ ஆர்துசிக்கு வருவோம். 1891இல் ஃபுளோரன்ஸில் சொந்தக் காசில் ஒரு சமையல் புத்தகம் போட்டார். அவர் 1911இல் சாகும் வரை பதிப்புக்குப் பதிப்பு அது பெருத்துக்கொண்டே போனது. இத்தாலிய நடுத்தரக் குடும்பங்களின் சமையல் வேதம் என்றே சொல்லலாம். எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைக்கும் ஒரு பாதிரியாருக்கு ஊரார் 'தோன் பொமோதோரோ' என்று பட்டப்பெயர் வைத்த கதையை அதில் எழுதுகிறார். தக்காளிதான் எதிலும் நுழைந்துவிடுமே! அந்நியச் சரக்கு உள்ளூர்க் கேலிப்பேச்சில் புழங்குகிறது என்றால் அது ஊர்க்காரனாகிவிட்டது என்று அர்த்தம்.

நம்ம கோழியும் அந்தப் புத்தகத்தில் உண்டு. குறிப்பு மிகச் சிறியது. ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கி அரைமணிக்கு மேல் தண்ணீரில் போட்டு, துடைத்து, எண்ணெயிலோ பன்றிக் கொழுப்பிலோ வதக்கி எடுத்து வைக்கவும். அதே கொழுப்பில் கோழித் துண்டுகளைச் சிவக்க வறுக்கவும். வெங்காயத்தைத் திரும்பப் போட்டு, உப்பு, மிளகு, அரை கிளாஸ் சிவப்பு ஒயின், ஓரளவு தக்காளிச் சாறு. ஐந்து நிமிடம் கொதித்தால் முடிந்தது. பலவீனமான வயிற்றுக்காரர்களுக்கு ஆகாது என்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரோஸ்மேரி இல்லை, ஆலிவ் இல்லை, காளான் இல்லை, பூண்டுகூட இல்லை.

போன ஞாயிறு அதே முறையில் செய்து பார்த்தேன். எலும்போடு பெரிய துண்டுகள் என்பதால் ஐந்து நிமிடம் போதவில்லை, மூடிபோட்டு இன்னொரு இருபது நிமிடம் வைத்தேன். காணொளியில் வரும் செக்கச்சிவந்த குழம்பு இல்லை இது. பழுப்பு நிறம். வெங்காயத்தின் இனிப்புதான் முன்னால் நிற்கிறது. தக்காளி ஒரு மெல்லிய புளிப்பு, அவ்வளவுதான். தக்காளியே இல்லாமல் செய்தாலும் இதைச் சாப்பிடலாம். ரோம் பக்கத்து 'காச்சியத்தோரா' ஆட்டுக்கறியில் உண்மையிலேயே தக்காளி கிடையாது. வினிகர், பூண்டு, ரோஸ்மேரி, நெத்திலிதான். அதாவது 'வேட்டைக்காரர் பாணி' என்ற பெயருக்குத் தக்காளி கட்டாயமே இல்லை.

இனி கோழி. ஆர்துசியின் காலத்து டஸ்கனியில் குடியானவர்கள் பெரும்பாலும் வாரக் குத்தகைக்காரர்கள். விளைச்சலில் பாதி நிலச்சுவான்தாருக்கு. அது போக, பண்டிகைக்குக் கோழியும் முட்டையும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று குத்தகை ஒப்பந்தத்திலேயே இருக்கும். மீதிக் கோழி முட்டைக்கும் சந்தைக்கும். குடியானவன் கோழி தின்றால் ஒன்று அவனுக்கு நோய், இல்லை கோழிக்கு நோய் என்பது அங்கே பழமொழி. வடக்கு இத்தாலியில் நிலைமை இன்னும் மோசம். மூன்று வேளையும் மக்காச்சோளக் களி தின்று, வேறு சத்து இல்லாமல், 'பெல்லாக்ரா' நோயில் தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தவர்கள் ஏராளம்.

அப்படியானால் 'ஏழைகளின் பழங்காலச் சாப்பாடு' என்று எப்படிப் பெயர் வந்தது? 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலோர் தெற்கத்தி ஏழைகள். அங்கே கூலி கிடைத்தது, கறி கட்டுப்படியானது, டப்பாத் தக்காளி வருஷம் பூராவும் கிடைத்தது. ஹாசியா டைனர் என்ற வரலாற்றாசிரியர் 2001இல் வந்த தன் நூலில் சொல்வது இதுதான்: ஊரில் தாங்கள் தின்றதை அல்ல, பணக்காரர்கள் தின்னப் பார்த்ததையே அவர்கள் அங்கே சமைத்தார்கள். பேரப்பிள்ளைகள் அதைப் 'பாட்டி ஊர்ச் சாப்பாடு' என்றார்கள்.

அதில் பாட்டி பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆசைப்பட்ட சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் போட முடிந்ததில் அவளுக்கு இருந்த பெருமை நியாயமானது. என் வருத்தம் வேறு. அந்தக் குழம்பைப் 'பழங்கால ஏழையின் உணவு' என்று நாம் பாராட்டும்போது, அந்த ஏழை நிஜமாகத் தின்ற களியும், அதனால் வந்த நோயும், எஜமானர் வீட்டுக்குப் போன கோழியும் கணக்கிலிருந்து காணாமல் போகின்றன.