54 மாணவர்களும் ஒரு வெள்ளை ஒயினும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. நானும் குடிப்பவன் அல்லன். சுவை என்பது நாக்கில் இருக்கிறதா, கண்ணில் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் தேடியபோது எனக்குக் கிடைத்த ஒரு வரலாறுதான் இது. அந்தத் தேடல் என்னைப் பிரான்சின் போர்தோ நகரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது!

போர்தோ என்றதும் எல்லோருக்கும் சிவப்பு ஒயின்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1950களில் அங்கே வெள்ளைத் திராட்சைக் கொடிகளே அதிகம். அதிகம் இருந்தும் மரியாதை இல்லை. 1855-ல் புகழ்பெற்ற தரவரிசைப் பட்டியலைப் போட்டபோது வெள்ளையில் இனிப்பு ஒயின்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தார்கள். இனிப்பில்லாத வெள்ளை ஒயின் ஒன்றுகூட அதில் இல்லை. கிராவ் பகுதியின் இனிப்பில்லாத வெள்ளை ஒயின்களுக்குத் தரவரிசை கிடைக்க 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1953-ல் தொடங்கிய அந்தப் பட்டியல் 1959-ல் முழுமை பெற்றது.

இனிப்பில்லாத ஒயின் என்றால் என்ன? திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. கிட்டத்தட்ட முழுச் சர்க்கரையும் தீர்ந்துவிட்டால் அது 'டிரை' ஒயின். போர்தோவில் இதைப் பெரும்பாலும் இரண்டு திராட்சைகளைக் கலந்து செய்கிறார்கள். சோவிஞ்ஞோன் பிளாங்க் புளிப்பையும் கூர்மையான மணத்தையும் கொடுக்கும். செமியோன் கனத்தையும், வயதாக ஆகத் தேன் போன்ற வாசனையையும் கொடுக்கும். ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பும், நல்ல கூட்டணி!

ஆனால் அந்தக் காலத்து மலிவு ஒயின்கள் பலவற்றில் தேன் எங்கே, கந்தக நெடிதான் தூக்கலாக இருந்தது. இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் போர்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெனி துபூர்தியூ (1949–2016). சாறு பிழிவதற்கு முன் தோலோடு சிறிது நேரம் ஊறவிட்டால் மணம் கூடும், புளித்த பிறகு அடியில் தங்கும் மண்டியை எறியாமல் பீப்பாயிலேயே வைத்துக் கலக்கிவிட்டால் ஒயின் கெடாமல் வளம் பெறும் என்று 1980களில் ஆராய்ந்து காட்டினார். மண்டி வைப்பது பழைய வழக்கம்தான். அது ஏன் பலிக்கிறது என்ற காரணத்தைச் சொன்னதுதான் அவர் பெருமை. அவரை 'வெள்ளை ஒயினின் போப்' என்றே அழைத்தார்கள்.

இப்போதுதான் கதையில் திருப்பம். 2001-ல் மோரோ, புரோஷே, துபூர்தியூ மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒயின் இயல் படிக்கும் 54 மாணவர்களிடம் முதலில் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து, வாசனைகளை எழுதச் சொன்னார்கள். வெள்ளை, நான் மேலே சொன்ன அதே செமியோன், சோவிஞ்ஞோன் கலவை. அடுத்த முறை கொடுத்த இரண்டு கோப்பையிலும் அதே வெள்ளை ஒயின். ஒன்றில் மட்டும் மணமில்லாத சிவப்புச் சாயம்! என்ன நடந்தது தெரியுமா? சாயம் கலந்த வெள்ளை ஒயினுக்கு மாணவர்கள் சிவப்பு ஒயினின் வாசனைகளைச் சொன்னார்கள்.

"ஒயின் நிபுணர்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் தெரியாது, எல்லாம் பம்மாத்து" என்று இந்த ஆய்வைப் பல இடங்களில் எழுதிவிட்டார்கள். அது சரியல்ல. இவர்கள் நிபுணர்கள் அல்லர், நம்மைப் போல மாணவர்கள். ஒவ்வொரு வாசனையும் எந்தக் கோப்பையில் அதிகம் என்றுதான் கேட்டார்களே தவிர, இது சிவப்பா வெள்ளையா என்று கேட்கவில்லை. வாசனைக்குப் பெயர் வைக்கும்போது கண் முந்திக்கொள்கிறது என்பதே ஆய்வு சொல்வது. வெள்ளை ஒயினுக்கு எலுமிச்சை, தேன் என்று மஞ்சள் பொருள்களைச் சொல்வோம். சிவப்புக்குச் செர்ரி, கருந்திராட்சை என்போம்.

அப்படியானால் மூக்கு முட்டாளா? இல்லை. இதே துபூர்தியூவின் ஆய்வுக்கூடம் 1990களில் சோவிஞ்ஞோன் மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களைக் கண்டுபிடித்தது. அவற்றில் ஒன்றை, ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும்! ஆக, உணர்வதில் மூக்கு மன்னன். பெயர் சொல்லும் இடத்தில்தான் கண்ணுக்கு அடிமை.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், வாழ்நாள் முழுவதும் வெள்ளை ஒயினின் மணத்தை வளர்த்த மனிதரே, அந்த மணத்தை நாம் எவ்வளவு எளிதில் தவறாகப் படிக்கிறோம் என்ற ஆய்விலும் கையெழுத்திட்டார். தன் தொழிலின் மேல் உண்மையான மதிப்பு இருப்பவர்தான் அதைச் சோதனைக்கும் உட்படுத்துவார்.

அடுத்த முறை ஆரஞ்சு நிற ஜூஸைக் குடித்துவிட்டு "ஆகா, ஆரஞ்சு வாசனை" என்று சொல்லும் முன், ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்!