கருவி நின்ற இடம்

அறிவியல் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதிவைப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. யார், எங்கே நின்று, எந்தக் கருவியால் கேட்டார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தால் அந்த வரிசை ஆட்டம் காணும். சூரியச் சுவாலைகளை மிகக் குறுகிய ரேடியோ அலைகளில் கவனித்த கதை அப்படிப்பட்டது.

சூரியனின் ரேடியோ இரைச்சல் முதலில் ஒரு யுத்த ரகசியம். 1942 பிப்ரவரி கடைசியில் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்களில், நாலு முதல் ஆறு மீட்டர் அலைநீளத்தில், தாங்கமுடியாத இரைச்சல். ஜெர்மன்காரன் வேலை என்றுதான் சந்தேகம். அதே மாதம் இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் ரேடாரைக் குழப்பிவிட்டு இங்கிலீஷ் கால்வாயைக் கடந்திருந்தன. ஆராயப் பணிக்கப்பட்ட ஜே.எஸ். ஹே, இரைச்சல் வந்த திசை சூரியனோடு கூடவே நகர்வதைக் கண்டுகொண்டார். அதே வருஷம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் சவுத்வொர்த், சென்டிமீட்டர் அலைகளில் அமைதியான சூரியனையே கேட்டார். 1945க்கு முன் இரண்டும் வெளியே வரவில்லை.

ரேடார் வழியே வளர்ந்த இந்தத் துறை நீண்ட காலம் மீட்டர், சென்டிமீட்டர் அலைகளிலேயே புழங்கியது. அதிலிருந்து ஒரு சித்திரம் உருவாச்சு. சுவாலையில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழல்கின்றன. அவை வீசும் கதிர்கள் பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸ் பக்கம் உச்சம் தொட்டு, அதற்குமேல் சரிகின்றன. சரிந்தது சரிந்துகொண்டே போகும் என்பது அனுமானம். மில்லிமீட்டர் அலைகளைக் கேட்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. காற்றிலுள்ள நீராவி அவற்றை விழுங்கிவிடும். அலை குறுகக் குறுக, உயரமான வறண்ட மலை வேண்டும்.

அனுமானத்தில் முதல் கீறல் பிரேசிலில் விழுந்தது. 1984 மே 21 அன்று, அதிபாயாவிலுள்ள இதபெதிங்கா ரேடியோ தொலைநோக்கி 90 கிகாஹெர்ட்ஸில், அதாவது சுமார் மூன்று மில்லிமீட்டரில், வேகமான துடிப்புகளைப் பதிவு செய்தது. குறைந்த அதிர்வெண்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பியர் காஃப்மனும் கூட்டாளிகளும் 1985இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். 1999இல் அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலையில், எல் லியோன்சிதோவில், சுமார் 2,550 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னத் தொலைநோக்கி வந்தது. தட்டின் விட்டம் வெறும் ஒன்றரை மீட்டர். கேட்டது 212, 405 கிகாஹெர்ட்ஸ்களில். 2003 நவம்பர் 4 அன்று எழுந்த சுவாலை, செயற்கைக்கோளின் எக்ஸ்-கதிர் உணரிகளே திணறிப்போகும் அளவுக்குப் பெரியது. வழக்கமான கதிர்வீச்சு வழக்கம்போலச் சரிந்தது. ஆனால் 212ஐவிட 405இல் வீச்சு கூடுதலாக இருந்தது. சரிய வேண்டிய கோடு மறுபடி ஏறியிருக்கிறது.

இதை 'விளிம்பு மையத்தை வென்றது' என்று கைதட்டி முடித்துவிட முடியாது. எல்லாச் சுவாலையும் இப்படி ஏறுவதில்லை. சில, பாடப்புத்தகம் சொன்னபடியே சரிகின்றன. ஏறுவதற்குக் காரணம் அபார வேக எலக்ட்ரான்களா, சூடேறிய அடர்ந்த வாயுவா என்ற சர்ச்சை தீர்ந்தபாடில்லை. பெரிய கருவிகளும் சும்மா இல்லை. ஜப்பானின் நொபெயாமா 1992 முதல் 2020 வரை 17 கிகாஹெர்ட்ஸில் சூரியனைப் படம்பிடித்தது. சீலேயில் பல நாடுகள் சேர்ந்து கட்டிய அல்மா, 2016இலிருந்து மில்லிமீட்டர் அலைகளில் சூரியனையும் பார்க்கிறது. ஆனால் அல்மாவில் விண்ணப்பம் போட்டு நேரம் வாங்க வேண்டும். சுவாலையோ சொல்லிவிட்டு வருவதில்லை. நாள்தோறும் சூரியனையே பார்த்திருக்கும் ஒரு சின்னத் தட்டுக்கு வாய்ப்பது இங்கேதான்.

பழைய வளைகோட்டில் தப்பில்லை. அளந்தவரைக்கும் சரிந்தது உண்மை. அளக்காத பகுதிக்கும் அதே கோட்டை நீட்டி, கேட்காததை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. ஆவணத்தில் இல்லாதவர்கள் வரலாற்றிலும் இல்லை என்று நமக்குச் சொல்லப்படும்போது, அந்த ஆவணம் எந்த அலைநீளத்தில் கேட்டு எழுதப்பட்டது என்று நாம் கேட்டிருக்கிறோமா?