தொண்டும் தேர்ச்சியும்

நோய் தீர்ப்பவர் மருத்துவக் கல்வி பெற்றிருத்தல் வேண்டும். வழக்காடுபவர் சட்டம் கற்றிருத்தல் வேண்டும். வகுப்பறையில் நிற்பவர் ஆசிரியப் பயிற்சி முடித்திருத்தல் வேண்டும். இவற்றை எவரும் மறுப்பதில்லை. ஆயின், இளம் பிள்ளைகள் மதுவிலும் போதைப்பொருளிலும் வீழாவண்ணம் முன்கூட்டியே காக்கும் பணிக்கு மட்டும் நல்ல நெஞ்சம் ஒன்றே போதும் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அக்கருத்து எவ்வாறு மாறியது, அப்பணிக்கும் தேர்வும் சான்றிதழும் எவ்வாறு வந்தன என்பதை வரலாற்று வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மண்ணின் தொண்டர்கள்

திருவள்ளுவர் தம் அதிகாரத்திற்குக் ‘கள்ளுண்ணாமை’ என்று பெயரிட்டார். குடித்தவனைத் திருத்துவதினும் குடியாமற் காப்பதே முதன்மை என்பது அப்பெயரிலேயே விளங்குகின்றது. ஆயினும், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை நம் மக்களின் குடியிருப்புக்கு அருகிலேயே அமைந்தது. மரம் வெட்டிப் பெற்ற கூலியில் ஒரு பகுதி அக்கடைக்கே திரும்பிச் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கெடா மாநிலத்தில் எழுந்த தொண்டர் படை இக்கொடுமையை எதிர்த்தது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி போன்றோர் தலைமையில் 1947ஆம் ஆண்டில் கள்ளுக்கடை மறியல் வலுப்பெற்றது. தொண்டர்கள் தடியடி பட்டனர், சிறை புகுந்தனர். அவர்தம் ஈகம் நம் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத் தக்கது.

எனினும், கடையை மூடச் செய்வது ஒரு பணி. கடை திறந்திருப்பினும் அதன் பக்கம் செல்லாத மனத்தை வளர்ப்பது வேறொரு பணி. கள்ளின் இடத்தில் கஞ்சாவும் ஹெராயினும் புகுந்த 1970ஆம் ஆண்டுகளில் இவ்வேறுபாடு நன்கு புலப்பட்டது. சிங்கப்பூரில் 1971இல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவும், 1972இல் சிங்கப்பூர்ப் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கமும் தோன்றின. மலேசியாவில் 1976இல் பெமாடாம் அமைந்தது. 1983 பிப்ரவரியில் போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் என்று அரசு அறிவித்தது. பள்ளிதோறும் சொற்பொழிவுகள் நடந்தன, கண்காட்சிகள் வைக்கப்பட்டன. பேசியோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால், எதைப் பேசினால் பிள்ளை விலகுவான், எதைப் பேசினால் அவன் ஆவல் தூண்டப்படும் என்பதை அவர்களுக்குக் கற்பித்தவர் யார்?

அச்சுறுத்தலின் தோல்வி

இவ்வினாவுக்கு விடை காண நாம் மேலைநாடுகளுக்குச் செல்லவேண்டும். ஏனெனில், பள்ளிகளில் இத்தகைய கல்வியை நெடுங்காலம் நடத்தி, அதன் பயனை அளந்து பார்த்தவை அந்நாடுகளே.

அமெரிக்காவில் மேரி ஹண்ட் என்னும் அம்மையாரின் முயற்சியால் 1882இல் வெர்மான்ட் மாநிலம் மதுவின் தீமையைப் பள்ளிப் பாடமாக்கியது. 1901க்குள் எல்லா மாநிலங்களும் அவ்வாறே சட்டம் இயற்றின. ஆனால், அறிஞர் அடங்கிய ‘ஐம்பதின்மர் குழு’ 1903இல் தன் ஆய்வை வெளியிட்டபோது, அப்பாடநூல்களில் மிகைப்படுத்தலும் பிழையும் மலிந்திருப்பதைச் சுட்டியது. எழுபது ஆண்டுகள் கழிந்தும் நிலைமை பெரிதும் திருந்தவில்லை. 1973இல் அந்நாட்டின் தேசிய ஆணையமொன்று, பள்ளிகளில் நடைபெறும் போதைப்பொருட் கல்வியைச் சிறிது காலம் நிறுத்திவைக்குமாறே பரிந்துரைத்தது.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் செய்யப்பெற்று 1975இல் வெளிவந்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரு பகுதி மாணவர்க்கு அச்சமூட்டும் எச்சரிக்கை தரப்பட்டது. வேறொரு பகுதியினர்க்குப் போதைப்பொருள் பற்றிய செய்திகள் மட்டும் கூறப்பட்டன. மூன்றாம் பகுதியினர் தங்கள் வகுப்பாசிரியருடன் இளமைப் பருவத்துச் சிக்கல்களை வாரந்தோறும் கலந்துரையாடினர். பயன் விளைந்தது மூன்றாம் முறையிலேதான். அஞ்சுவித்த இடத்திலோ, புதிதாய்ச் சுவைத்துப் பார்த்தோர் தொகை குறையவில்லை, கூடியே இருந்தது.

1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் காவலர்களே வகுப்பெடுக்கும் ‘டேர்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. அது நாடெங்கும் பரவிப் பெரும்புகழ் பெற்றது. ஆனால், 1990ஆம் ஆண்டுகளில் வந்த ஆய்வுகள், அதனால் பிள்ளைகளின் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழவில்லை என்றே காட்டின. பின்னர் அத்திட்டத்தாரே தம் பாடத்தை மாற்றிக்கொண்டனர். நல்லெண்ணமும் பெரும்பொருட் செலவும் தேர்ச்சிக்கு ஈடாகா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஒரு வகுப்பறை விளையாட்டு

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. ஆசிரியராகிய நாம் உள்ளத்திற் பதிக்கத் தக்கது அது. கன்சாஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பொன்றில் சோதிக்கப்பெற்று, 1969இல் நூலேறியது ‘நன்னடத்தை விளையாட்டு’. மாணவர் குழுக்களாகப் பிரிக்கப்படுவர். விதிகள் வகுப்பில் விளக்கப்படும். விதியை மீறினால் குழுவுக்கு ஒரு குறி விழும். குறி குறைந்த குழு வெல்லும். அவ்வளவே! போதைப்பொருள் என்னும் சொல்லே அதில் இல்லை. 1985ஆம் கல்வியாண்டில் பால்டிமோர் நகரின் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் இது நடத்தப்பட்டது. அவர்கள் இருபது வயதை ஒட்டியபோது ஆராய்ந்தனர். முரட்டுத்தனம் மிகுந்தோராய் முன்னர்க் கணிக்கப்பட்ட ஆண்பிள்ளைகளுள், இவ்விளையாட்டை ஆடியோரிடம் போதைப்பொருட் சிக்கல் ஆடாதோரினும் குறைந்து காணப்பட்டது. அடங்கியிருக்கவும் பிறரோடு ஒத்து நடக்கவும் ஆறு, ஏழு வயதிற் கற்றதே பின்னாளில் அரணாயிற்று. இவ்வுண்மை வெறும் ஆர்வத்தாற் புலப்படாது, கற்றே அறியவேண்டுவது.

சான்றிதழ் பிறந்த கதை

தடுப்புப் பணிக்கு முன்பே, குடிநோயாளர்க்கு வழிகாட்டும் பணி தொழிலாக ஏற்கப்பட்டது. 1954இல் மின்னசோட்டா மாநிலம் குடிநோய் ஆலோசகர் என்னும் அரசுப் பதவியை உருவாக்கியது. அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமாக்கப்படவில்லை. குடியிலிருந்து மீண்டோரின் பட்டறிவும் அங்கே தகுதியாக மதிக்கப்பட்டது. பின்னர், ஒரு மாநிலத்துச் சான்றை மற்றொரு மாநிலம் ஏற்கும் பொருட்டு 1981இல் ஒரு கூட்டமைப்பு எழுந்தது. தடுப்புப் பணியாளர்க்கெனத் தனிச் சான்றிதழ் 1990ஆம் ஆண்டுகளில் வந்தது.

அது வகுத்த அளவுகோல் நோக்கத்தக்கது. 2,000 மணிநேரக் களப்பணி; 120 மணிநேரக் கல்வி; அக்கல்வியுள் 6 மணிநேரம் தொழில் அறம்; மேலும் 120 மணிநேரம் மூத்தோர் மேற்பார்வையிற் பயிற்சி; இவற்றோடு எழுத்துத் தேர்வு. திட்டமிடலும் மதிப்பீடும், கற்பித்தல், கருத்துரைத்தல், சமூகத்தை ஒருங்கிணைத்தல், பொதுக்கொள்கையும் சூழலும், தொழிற்பொறுப்பு ஆகியவை தேர்வின் ஆறு துறைகள். பெற்ற சான்று என்றென்றும் செல்லாது. மேலும் கற்றுப் புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும்.

இம்முறை ஆசியாவுக்கும் வந்தது. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட கொழும்புத் திட்டத்தில் மலேசியாவும் சிங்கப்பூரும் உறுப்பு நாடுகள். அத்திட்டம் 1973இலேயே போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவை நிறுவியது. 2009இல் இத்துறைப் பணியாளர்க்குக் கல்வியும் சான்றும் வழங்கும் ஆசிய மையத்தைத் தொடங்கியது. ஐக்கிய நாடுகளின் அமைப்பு 2013இல் தடுப்புப் பணிக்கான பன்னாட்டுத் தரங்களை வெளியிட்டது. மலேசியாவிலோ 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், ஆலோசகராகத் தொழில் புரிவோர் பதிவு பெறவேண்டும் என்று முன்னரே விதித்திருந்தது.

தாள் ஒன்றே தகுதியாமோ?

இங்கு ஒரு தடை எழுதல் கூடும். தாளில்லாத் தொண்டரைத் தள்ளிவிட்டுத் தாளுடையோரை மட்டும் ஏற்பதாயின், கள்ளுக்கடை முன் நின்ற அந்த எளிய தோட்டத் தொழிலாளிக்கு இடமேது? தக்க வினாவே. இதற்கு நம் தமிழ்ப்பள்ளி வரலாறே விடை பகரும். முற்காலத் தோட்டப் பள்ளிகளில், எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராய் இருந்ததுண்டு. அவர்கள் இன்றேல் அன்று பள்ளியே இல்லை. அவர்களை நன்றியுடன் நினைக்கிறோம். ஆயினும், பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று நம் சமுதாயம் போராடிற்றே, ஏன்? ஏழைப் பிள்ளைக்கு எவரேனும் ஒருவர் போதும் என்னும் இழிநிலை கூடாது என்பதனாலன்றோ! அதே நியாயம் இங்கும் பொருந்தும்.

ஆதலின், பட்டத்தை மட்டும் எண்ணாது களப்பணியின் மணிகளையும் எண்ணும் சான்றே சிறந்த சான்று. தொண்டரை விலக்க அன்று, உயர்த்தவே அது பயன்படல் வேண்டும். நம் இளைஞர் மன்றங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தம் ஆர்வலர் சிலரையேனும் இப்பயிற்சிக்கு அனுப்புதல் கடன். பள்ளிக்குப் பேச வருபவரிடம், ‘தாங்கள் இப்பணிக்கு என்ன பயின்றீர்கள்?’ என்று பணிவுடன் வினவும் உரிமை தலைமையாசிரியர்க்கு உண்டு. அவ்வினா விருந்தினரை இகழ்வதாகாது. வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையை மதிப்பதாகும்.