முறுக்கின் அளவும் ஹேபர்ட் அடிகளாரும்

ஒரு மரையாணியை எவ்வளவு இறுக்க வேண்டும்? மோட்டார் வாகனத் தொழிலில் இக்கேள்விக்கு எண்ணால் விடை கிடைத்தது பிந்தித்தான். நியூயோர்க் நகர நீர் வழங்கல் திணைக்களத்தில் பணியாற்றிய கொன்ராட் பாஹ்ர் என்பவரே 1918 இல் முறுக்குவிசையை அளக்கும் சாவியை உருவாக்கினார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நிலத்தடிக் குழாய்களின் ஆணிகள் அளவுக்கு மீறி இறுக்கப்படுவதைத் தடுப்பதே அவரது நோக்கம். பின்னர் அக்கருவி கராஜுகளுக்கும் வந்தது. நம் மெக்கானிக்குகள் அதனை 'டோர்க் ரென்ச்' என்பர்.

எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைப் பூட்டும்போது அதன் அருமை தெரியும். ஆணிகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றுகளில், தயாரிப்பாளர் விதித்த அளவுக்கு இறுக்க வேண்டும். குறைந்தால் கேஸ்கட் கசியும். கூடினால் ஆணி நீளும், ஹெட் கோணும். கருவி இல்லாத பட்டறைகளில் இவையனைத்தையும் பாஸின் மணிக்கட்டே தீர்மானித்தது. அந்தக் கைப்பழக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது ஆளோடு வந்து ஆளோடு போய்விடும். எண்ணையோ எழுதி வைக்கலாம், அடுத்தவருக்குக் கற்பிக்கலாம். தொழிற்கல்வியின் அடிப்படையே இதுதான்.

மட்டக்களப்பில் தொழிற்கல்வியைப் பற்றிப் பேசுவோர் யேசுசபைத் துறவி யூஜின் ஜோன் ஹேபர்ட் அடிகளாரைக் கடந்து செல்ல இயலாது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923 இல் பிறந்த அவர், 1948 இல் இலங்கைக்கு வந்தார். புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவே பலர் அவரை நினைவுகூர்வர். ஈ.ரி.ஐ. எனப்பட்ட கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் இயக்குநராக, வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் கையில் ஒரு தொழிலைக் கொடுத்தவர் என்பதே என் கணிப்பில் அதனினும் பெரிது.

1990 ஓகஸ்ட் மாதம் கிழக்கு மண் குருதியில் நனைந்தது. 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். தொடர்ந்து ஏறாவூரில் முஸ்லிம்களும், வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களும் பலியாகினர். சமாதானக் குழுவில் இருந்து, காணாமற் போனோருக்காகக் குரல் கொடுத்த அடிகளார், 15 ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஸ்கூட்டரில் புறப்பட்டார். அவரும் உடன் வந்த தமிழ் இளைஞரும் வீடு திரும்பவில்லை. அப்போது அடிகளாருக்கு வயது 66. இருவரின் உடல்களும் கிடைக்கவில்லை.

அறுந்த ஆணியை எடுத்துப் பார்த்து, குற்றம் இறுக்கத்திலா இரும்பிலா என்று தேர்ந்த மெக்கானிக் சொல்லிவிடுவார். 35 ஆண்டுகள் கடந்தும் அந்த இரு மனிதர்கள் குறித்து அப்படிச் சொல்ல இந்நாட்டில் எவரும் முன்வரவில்லை. ஆணியின் இறுக்கத்தைக்கூட எழுதி வைக்கும் உலகில் இதற்கான பொறுப்பு மட்டும் எழுதப்படாமல் கிடக்கிறது. அதனை நினைவூட்டிக்கொண்டிருப்பது என் போன்ற பத்திரிகையாளரின் கடன்.